பின்கதவை அடைத்தவன்

பின்னேரம் ஐந்து மணி. டிசம்பர் மாதம். இங்கே ஜெர்மனியில் டிசம்பரில் ஐந்து மணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்... நல்ல இருட்டு. எசன் நகருக்குத் தெற்கே, ரூர் ஆற்றைக் கடந்த பிறகு, காட்டுக்குள் ஏறிப் போகிற ஒடுங்கிய சாலை ஒன்று இருக்கிறது. வீடு இல்லை. தெருவிளக்கு இல்லை. கோடையில் சைக்கிள்காரர்கள் போவார்கள். குளிர்காலத்தில் ஒருவரும் போவதில்லை.

அந்தச் சாலையில்தான் மதிசுதனின் கார் நின்றது.

மதிசுதன், என்னோடு வேலை செய்கிற சிவகுருநாதனின் மனைவியின் தம்பி. சிவகுருநாதனுக்குக் கூட்டிச் சொல்லத் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நடுவில் யாரும் எழும்பிப் போகாதீர்கள்... பிறகு தனியாகத் திரும்பி வரவேண்டி இருக்கும்.

மதிசுதன் வெல்டிங் வேலை செய்பவன். நல்ல கைகாரன். அவனுக்கு ஒரு பைத்தியம். பழங்காலத்துக் காரின் உடம்பை வைத்துக்கொண்டு, எஞ்சின், பிரேக், வயர் என்று எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுவான். ஸ்ட்ரீட் ராட் என்பார்கள். பார்வைக்கு இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வண்டி. மிதித்தால் பறக்கும்.

அந்தக் காரை மெலனி என்ற ஜெர்மன்காரியிடம் வாங்கினான். அவளுடைய பாட்டனாரின் கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவில் நின்றது. கறுப்புக் கார், நாலு கதவு. வலப்பக்கப் பின்கதவு மட்டும் அகலத் திறந்து கிடந்தது. தானாக மூடாதபடி அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தார்கள்.

ஏன் என்று கேட்டான்.

“எங்கள் வீட்டில் அதை யாரும் மூடுவதில்லை” என்றாள் மெலனி.

“பழுதா?”

“இல்லை. தாத்தா மூடவில்லை. அப்பாவும் மூடவில்லை. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.”

மதிசுதன் சிரித்துக்கொண்டே கட்டையைக் காலால் தள்ளினான். கதவை அடித்துச் சாத்தினான். கார் லொறியில் ஏறிப் போகும்வரை மெலனி கொட்டகையை விட்டு வெளியே வரவே இல்லை.

வேலை இரண்டு குளிர்காலம் எடுத்தது. கூரையை வெட்டித் தாழ்த்தினான். அதனால் கண்ணாடிகள் எல்லாம் ஒடுங்கிப்போயின. ஒரு கை போகும், தலை போகாது. பின் ஆசனத்தைக் கழற்றி, அந்த இடத்தில் பேட்டரியையும் ஸ்பீக்கரையும் வைத்து, முன்பக்கத்தில் இருந்து அதைத் தகட்டால் மறைத்தான். வயர் வருவதற்கு மட்டும் தகட்டில் ஒரு ஓட்டை. பிறகு இரண்டு பின்கதவுகளையும் வெல்டிங் செய்து அடைத்தான். உரசி, பூசி, பெயின்ட் அடித்த பிறகு அங்கே கதவு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கையால் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் அவனுடைய பெருமை. முன்கதவுகளின் கைபிடிகளையும் எடுத்துவிட்டான். உள்ளே ஒரு பொத்தான், வெளியே ரிமோட். எல்லாம் கரண்டில்.

அவனுடைய மனைவி தக்சாயினி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“கரண்ட் நிண்டால் என்னெண்டு இறங்கிறது?”

“அதுக்கு இழுத்துத் திறக்கிற கம்பி ஒண்டு போடவேணும். பிறகு போடுறன்.”

அந்தக் கம்பியைப் போடுவதற்கு முன்னமே, ஒரு சின்ன ஓட்டம் ஓடிப் பார்ப்போம் என்று அவளையும் ஏற்றிக்கொண்டு காட்டுச் சாலைக்கு வந்துவிட்டான்.

கார் நன்றாகத்தான் ஏறியது. ஹீட்டர் சூடு, ஆசனங்களின் புதுத் தோல் மணம்... வளைவு ஒன்றில் திரும்பும்போது விளக்கு அணைந்தது. எஞ்சின் நின்றது. கார் மெல்ல உருண்டு, ஒரு பக்கமாக நின்றுவிட்டது.

மதிசுதன் பொத்தானை அழுத்தினான். கதவு திறக்கவில்லை. மற்றப் பக்கத்துப் பொத்தான். அதுவும் இல்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. தோளால் கதவை இடித்தான். அவன் கையாலேயே பொருத்திய கதவு, ஒரு நூல்கூட அசையவில்லை.

“பொறு, தக்சா. ஏதோ வயர் கழண்டிருக்கு.”

குனிந்து வயரைத் தேடினான். அப்போதுதான் அந்த மணம் வந்தது. நனைந்த கம்பளி. நெடுநாள் அடைத்து வைத்த அலுமாரி. புதுத் தோலின் மணம் போன இடமே தெரியவில்லை.

பிறகு சத்தம்.

கர்ர்க்... கர்ர்க்...

தகட்டுக்குப் பின்னால். நகத்தால் தகரத்தை மெதுவாகச் சுரண்டுவதுபோல. வலப்பக்கம். கதவு இருந்த பக்கம்.

“எலியாயிருக்கும்” என்றான் மதிசுதன். அவனுக்கே அவன் குரல் பிடிக்கவில்லை. அந்த இடத்தைச் சுற்றிலும் அடைத்தவன் அவன்தான். எலி போக வழி வைக்கவில்லை.

சுரண்டல் நின்றது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். ஆனால் கண்ணாடியில் மூச்சுப் பனி ஏறிக்கொண்டே இருந்தது... பின்னால் இருந்து முன்னால். வயர் ஓட்டைக்குக் கிட்ட மதிசுதனின் கழுத்து இருந்தது. அதில் காற்றுப் பட்டது. ஈரக் காற்று. பட்டது... நின்றது. பட்டது... நின்றது.

அவனுக்கு வெறி பிடித்துவிட்டது. முன்கண்ணாடியைக் காலால் உதைத்தான். கண்ணாடி சிலந்திவலைபோல வெடித்தது, ஆனால் விழவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தான். சப்பாத்துக்குள் இரத்தம் ஊறியது. பின்னால் சுரண்டல் இப்போது இரண்டு கையாலும். வேகமாக. தகடு அதிர்ந்தது.

தக்சாயினி அவனுடைய காலைப் பிடித்து அமுக்கினாள்.

“நிப்பாட்டுங்கோ. நீங்கள் உதைக்க உதைக்க, அங்காலயும் பயப்பிடுது.”

“என்ன சொல்லுறாய்?”

“எனக்கு இது தெரியும். இரவிலை அறைக்கதவு பூட்டுப்பட்டால் எங்கட இல்லத்து வயசான ஆக்களும் இப்பிடித்தான் சுரண்டுவினம்.”

அவள் திரும்பி, ஓட்டைக்குக் கிட்ட வாயை வைத்தாள். ஜெர்மன் மொழியில், வேலையில் பேசுகிற அதே மெல்லிய குரலில் பேசினாள். பயப்பட வேண்டாம். நாங்கள் இருக்கிறோம். திறந்து விடுவோம்... சுரண்டல் மெல்ல மெல்ல அடங்கியது.

பிறகு அவள் மதிசுதனைப் பார்த்தாள்.

“நீங்கள் சொல்லுங்கோ.”

“நான் என்னத்தைச் சொல்ல?”

“திறக்கிறன் எண்டு. அடைச்சது நீங்கள்.”

இரண்டு குளிர்காலத்து வேலை. அந்த வழுவழுப்பான பக்கம்... அந்த நேரத்திலும் மதிசுதனுக்கு அதை வெட்ட மனம் வரவில்லை என்று சிவகுருநாதனிடம் சொன்னானாம். குளிர் எலும்புக்குள் ஏறியது. பக்கத்தில் தக்சாயினியின் பல் கிட்டிக்கொண்டது. ஓட்டைக்குள் இருந்து மூச்சு... பட்டது... நின்றது. கேட்டுக்கொண்டு இருப்பதுபோல.

கடைசியில் சொன்னான்.

“விடிய வெட்டித் திறக்கிறன்.”

தமிழில்தான் சொன்னான். அது போதுமாக இருந்தது.

டிக்.

இரண்டு முன்கதவும் ஒன்றாகத் திறந்தன. கார் விளக்கு எரியவில்லை. கரண்ட் வரவில்லை. கதவு மட்டும் திறந்தது.

காரை அப்படியே விட்டுவிட்டு, நொண்டி நொண்டி ஆற்றுப் பாலம்வரை நடந்து, டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனார்கள். தக்சாயினிக்கு அன்றிரவே காய்ச்சல். விடிந்ததும் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தான். அவள் கண்ணைத் திறக்காமலே, “சொன்னதைச் செய்யுங்கோ” என்றாள்.

மதிசுதன் கார் இழுக்கிற லொறிக்கு போன் பண்ணினான். லொறி வருவதற்கு முன்னமே ஒரு பஸ் பிடித்துப் போய், மீதி வழியை இரும்பு வெட்டும் மெஷினோடு நடந்தான். நல்ல வெயில். மரங்களில் இருந்து பனி உருகிச் சொட்டியது. பகலில் பார்க்க, கார் வெறும் காராகத்தான் நின்றது. அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. இருந்தாலும் வலப்பக்கத்தை வெட்டினான். பெயின்ட் கருகி, பொறி பறந்து, கதவின் கோடு நாலு பக்கமும் பிளந்தது. நெம்புகோலைக் கொடுத்துத் திறந்தான்.

உள்ளே பேட்டரி. ஸ்பீக்கர் பெட்டி. வேறொன்றும் இல்லை.

மதிசுதன் சாலையோரத்தில் குந்தி இருந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். முடிந்துவிட்டது என்ற ஆறுதல். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது லொறி வந்து நின்றது.

சாரதி ஒரு வயதான ஜெர்மன்காரன். காரை மேலே ஏற்றி, சங்கிலி போட்டு இறுக்கினான். மதிசுதன் மெஷினைத் துணியில் சுற்றிக்கொண்டு, லொறியின் முன்கதவுப் பக்கமாகப் போனான். சாரதி கையை நீட்டித் தடுத்தான்.

“மன்னிக்க வேண்டும். முன்னால் ஒருவருக்குத்தான் இடம். அந்த அம்மா ஏறிவிட்டார்.”

மதிசுதன் லொறியின் ஜன்னலைப் பார்த்தான். வெறும் ஆசனம். ஆசனப் பட்டி மட்டும் இழுத்துப் போடப்பட்டிருந்தது.

“நீங்கள் பஸ்ஸில் வாருங்கள்” என்றான் சாரதி. “முதலில் அவரை வீட்டில் விடச் சொல்கிறார். தெருப்பெயர் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார்.”

ஏறி உட்கார்ந்து எஞ்சினை இயக்கினான். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல ஜன்னலை இறக்கினான்.

“உங்கள் வீடு மூன்றாம் மாடியாமே. லிப்ட் இருக்கிறதா... இந்த வயதில் படி ஏறுவாரா?”