பாதாளக் கரண்டிக்கு ஈடாக ஒரு சொம்பு

பிறர் பேச்சுக்குச் செவி கொடுப்பது என் வழக்கமன்று. ஆயினும் நெரவியிலிருந்து காரைக்கால் செல்லும் பேருந்தில், முன்னிருக்கையில் இருந்த அடுத்தடுத்த வீட்டுப் பெண்மணிகள் இருவரின் பேச்சு தானே வந்து காதில் விழுந்தது.

வெள்ளைத் துப்பட்டி அணிந்திருந்தவர் கேட்டார்: “வீட்டுக்குள்ளயே குழாய் வந்திருச்சு. அப்பறமும் ஒன் வாளி ஏன் சரோஜா அடிக்கடி கிணத்துல விழுது?”

“கயிறு இத்துப்போச்சு லாத்தா.” இஸ்லாமியர் வீட்டு அக்காவை ‘லாத்தா’ என்றே அழைப்பர்.

“புதுக் கயிறுன்னு ஒன் மருமவ சொன்னாளே!”

சரோஜா சிரித்துவிட்டார். “குழாயக் குறை சொல்ல மாட்டேன். திருவுனா தண்ணி கொட்டுது, தோள்பட்டை வலி போயே போச்சு. ஆனா ஒங்க வீட்டுக்குச் சும்மா கெளம்புனா, ‘எங்க போறீங்க’ங்கிறா மருமவ. பாதாளக் கரண்டி வாங்கன்னா வாய மூடிக்கிறா.”

விழுந்த வாளியைக் கிணற்றில் துழாவி எடுக்கும் அந்தக் கொக்கிக் கொத்தை இரவல் தருவோர், அது திரும்பும்வரை ஒரு பாத்திரத்தை ஈடாகப் பெற்றுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

“இப்ப மவன் கிணத்தையே மூடப்போறான். நாளைக்கு ஆளு வருது. கரண்டியக் குடுத்துட்டு என் சொம்ப வாங்கிட்டேன்னா, அப்பறம் எதச் சொல்லிக்கிட்டு வருவேன்?” என்று கேட்டார் சரோஜா.

லாத்தா அவர் பக்கம் திரும்பினார்.

“சொம்பா? அதத் தர மாட்டேன். நாளைக்கு வந்து கேளு, இல்லேம்பேன். மறுநாளும் வந்து சண்டை போடு. தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்.”