நடுவில் இருந்த குரல் எங்கே போனது?

பதினெட்டு ஆண்டுகளாக நம் அடுக்ககத்தின் சாவிக்கொத்தையும் சண்டைகளையும் ஒரே கையில் பிடித்திருக்கும் தலைவர் ரைலி அவர்களே! குளிருக்கும் குனியாத பெரியோர்களே! ஏலக்காய் ரொட்டியைச் சூடு ஆறுமுன் மேசைக்குக் கொண்டுவந்த தாய்மார்களே! வழக்கம்போல் ஆளுக்கொரு நாற்காலி இடைவெளி விட்டு, நடுவரிசையை நாகரிகமாகக் காலியாக்கிவிட்டு, சுவரோரம் சேர்ந்திருக்கும் என் அண்டை வீட்டாரே! அடுத்துப் பாடக் காத்திருக்கும் பாடகர் குழுவினரே! பின்லாந்தின் நம் குவோப்பியோ நகரத்து ஏரியில் பனிக்கட்டி உருகி, படகுகள் இறங்கிவிட்ட இந்த மே மாத விழாப் பிற்பகலில் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நாற்பது ஆண்டு இயற்பியல் கற்பித்தவனுக்கு ஒலிவாங்கியைக் கொடுத்திருக்கிறீர்கள். கொடுத்த பிறகு வருந்திப் பயன் இல்லை. இதோ, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பத்து நிமிடம்தான் அம்மா, பயப்படாதீர்கள்!

நான் பேச வந்தது ஒரு பெட்டியைப் பற்றி. இந்தக் கூடத்தின் மூலையில், திரைக்குக் கீழே, பச்சை விளக்கோடு கண் சிமிட்டுகிறதே, அந்த ஹோம் தியேட்டர் ரிசீவர்தான். இதோடு ஐந்து ஸ்பீக்கர்கள்: முன்னால் இடம், வலம், பின்னால் இடம், வலம், திரைக்கு அடியில் நடுவில் ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாமெல்லாம் கூடிப் படம் பார்ப்பது இதன் தயவால்தான்.

ஜனவரியில் பிரெஞ்சுப் படம் பார்த்தோம். புரிந்தது. பிப்ரவரியில் ஜப்பானியப் படம். அதுவும் புரிந்தது. மார்ச் மாதம் மூன்று வெள்ளிக்கிழமைகள் நம் சொந்தப் பின்னிஷ் மொழிப் படங்கள். என்ன ஆயிற்று? மழை கேட்டது; மரம் முறிவது கேட்டது; மாதா கோயில் மணி கேட்டது; மனிதர் பேச்சு மட்டும் கேட்கவில்லை! ஊரார் மொழியெல்லாம் விளங்கியது. பெற்றவள் மொழி விளங்கவில்லை! இந்த விந்தையை எங்கே போய்ச் சொல்ல?

யாராவது வாய் திறந்தோமா? இல்லை. நாம் யார்? பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றால், அவர் போகும்வரை நம் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நிற்பவர்கள் அல்லவா? ஆளாளுக்கு மனத்துக்குள் ஒரே தீர்ப்பு: "நம்ம காது போச்சு." நானும் அப்படித்தான் நினைத்தேன். சுகாதார நிலையத்துக்குப் போய் இரண்டு முறை காதைக் கழுவிக்கொண்டேன். சிரிக்காதீர்கள். அங்கே காத்திருப்போர் பெஞ்சில் உங்களில் மூன்று பேரைப் பார்த்தேன். நாம் நால்வரும் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டோம்!

இந்த நிலையில், ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை என் கதவு தட்டப்பட்டது. வாசலில் மூன்றாம் மாடி இர்மெலி. பாடகர் குழுவில் இருபத்தாறு ஆண்டுகள் பாடியவர். இந்த விழாவில் தனிப்பாட்டு அவருக்குத்தான் என்று குளிர்காலத்திலேயே முடிவாகியிருந்தது. கையில் ஒரு கடிதம்.

"சார், குழுத் தலைவருக்குக் குடுக்கணும். எழுத்துப்பிழை இருந்தா திருத்திக் குடுங்க."

"உட்காருங்க, காபி போடறேன். என்ன கடிதம்?"

"விலகல் கடிதம். எனக்குக் காது போச்சு சார். படத்துல ஒரு வார்த்தை வெளங்கல. நாளைக்கு மேடையில சுருதி தப்பி நின்னு, இருபத்தாறு வருஷப் பேரைக் கெடுத்துக்கணுமா?"

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"போனா உண்மைன்னு எழுதிக் குடுத்துடுவாங்களே!"

இதை மேடையில் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். "கதையச் சொல்லுங்க, ஆனா நான் அழுததச் சொல்லாதீங்க" என்றார். ஆகவே, அதைச் சொல்லவில்லை.

கடிதத்தைப் படித்தேன். "மழைச் சத்தம் கேட்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தார். திடுக்கிட்டேன். அது அப்படியே என் நோய்! வகுப்பில் இரண்டு மாணவர்கள் ஒரே கணக்கில் ஒரே தவறு செய்தால் வாத்தியார் என்ன நினைப்பார்? ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்றுதானே? ஆனால் ஐயா, பக்கத்து ஆளின் செவிட்டுக் காதைப் பார்த்துக் காப்பி அடிக்க முடியுமா? அப்படியானால் தவறு விடைத்தாளில் இல்லை. வினாத்தாளில்!

"கடிதம் என்கிட்ட இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கூடத்துக்கு வந்து வாங்கிக்கங்க" என்றேன். ஒரு கடிதம் திருத்த மூன்று நாளா என்று அவர் முறைத்தார், ஆனாலும் வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பதினான்கு பேர் இருந்தோம். ரிசீவரில் சோதனை ஒலி என்று ஒன்று உண்டு. சௌனா என்ற நம் நீராவிக் குளியலறையின் சூடான கற்களில் தண்ணீர் ஊற்றினால் 'உஸ்ஸ்' என்று சீறுமே, அதே ஓசை. அது ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். முதல் சுற்று விட்டேன். இடப்புறம் சீறியது. பிறகு ஒரு மௌனம். பிறகு வலம், பின் வலம், பின் இடம். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த மௌனத்தின்போதும் தலையாட்டினார்கள்! தனக்கு மட்டும்தான் கேட்கவில்லை என்று பதினான்கு பேரும் நினைத்தால், தலையாட்டாமல் வேறென்ன செய்வார்கள்?

"எல்லாரும் கண்ண மூடிக்கங்க. சத்தம் கேட்டா கையத் தூக்குங்க. எந்த ஸ்பீக்கர்னு நான் சொல்லிக்கிட்டே வரேன்" என்றேன்.

இடம். பதினான்கு கைகள். நடு...

"இப்பக் கண்ணத் தொறந்து பாருங்க."

ஒரு கைகூட உயரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தோம். இர்மெலி மெல்லக் கேட்டார்: "உங்களுக்கும் கேக்கலையா?" பக்கத்தில், அதாவது ஒரு நாற்காலி தள்ளி, இருந்தவர் சொன்னார்: "எனக்கு மார்ச்லேர்ந்தே கேக்கல." பின்னால் இன்னொரு குரல்: "அப்ப நான் காது மெஷினுக்குப் பேரு குடுத்தது வீணா?"

நாலு மாதம் தேடாத குரலை நாலே நிமிடத்தில் தேடத் தொடங்கினோம். திரைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். நடு ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகள்! டிசம்பர் ஆறு, சுதந்திர நாள். நம் வழக்கப்படி நீலமும் வெள்ளையுமாக இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, தொலைக்காட்சியில் குடியரசுத் தலைவரின் அரண்மனை விருந்தைப் பார்த்தோமே, அன்று வைத்தவை. எல்லார் கண்ணும் நம் பராமரிப்பாளர் கௌக்கோ பக்கம் திரும்பியது.

"எதுக்கு என்னைப் பாக்கறீங்க? மெழுகு சொட்டுமேன்னு எடுத்து வச்சேன். தொலைச்சேனா? சைக்கிள் ரூமுல கம்பளித் துணி சுத்தி, பொறந்த கொழந்த மாதிரி வச்சிருக்கேன்!"

"மார்ச்லேர்ந்து நாங்க செவிடா இருந்தோம்யா!"

"அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே கொண்டாந்திருப்பேன். ஒருத்தராவது கேட்டீங்களா?"

கௌக்கோ, எழுந்து நிற்க வேண்டாம், கைதட்டல் உங்களுக்கு இல்லை! ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

ஒரு ஸ்பீக்கர் இல்லாவிட்டால் மற்றவை பேசக் கூடாதா என்பீர்கள். இதைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் குடிமாறிப் போகிறார்; முகவரி மாற்றத்தைத் தபால் நிலையத்துக்குச் சொல்லவில்லை. தபால்காரர் என்ன செய்வார்? பழைய கதவிலேயே கடிதத்தைப் போட்டுக்கொண்டிருப்பார். ரிசீவரும் அப்படித்தான். சரவுண்ட் முறையில் படத்தின் பேச்சில் பெரும்பங்கை நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். மழையும் இசையும் மற்ற நாலுக்கும் போகும். நடு ஸ்பீக்கர் சைக்கிள் அறையில் உறங்குவது அதற்குத் தெரியாது. நாம் சொல்லவில்லை. 'நடுவில் எதுவும் இல்லை' என்று அமைப்பில் ஒரு வரி மாற்றியிருந்தால், பேச்சை இடத்துக்கும் வலத்துக்கும் பங்கிட்டிருக்கும். அரண்மனை விருந்து ஏன் கேட்டது? அது ஸ்டீரியோ, இரண்டே ஸ்பீக்கருக்கான ஒலி. அயல்நாட்டுப் படம் ஏன் புரிந்தது? அடியில் எழுத்து ஓடியது. நாம் காதால் அல்ல, கண்ணால் கேட்டோம்! பின்னிஷ் படத்துக்கு எழுத்து எதற்கு என்று இருந்தோம். அங்கேதான் அகப்பட்டோம்.

ஸ்பீக்கர் வந்தது. கம்பியைச் செருகினோம். அதற்குள் இன்னொன்று கண்டேன். யாரோ ஐஸ் ஹாக்கி பார்த்தவர் ஒலி முறையை 'மைதானம்' என்று விட்டுப் போயிருக்கிறார். அதில் அடுக்களையில் பேசினாலும் ஆயிரம் பேர் நடுவில் பேசுவது போல் எதிரொலிக்கும். யார் என்று பெயர் சொல்லமாட்டேன், ரைலி அவர்களே! அதைப் படத்துக்கான முறைக்கு மாற்றினோம்.

பிறகு அளவெடுப்பு. குட்டி மைக்கை உட்காருபவரின் காது உயரத்தில் வைக்க வேண்டும். எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம் என்று ரிசீவரே கணக்கிடும். "அறை முழு அமைதியாக இருக்கட்டும்" என்று திரையில் வேண்டுகோள் வந்தது. உலகத்தில் வேறெங்கும் அந்தப் பெட்டிக்கு இப்படிப்பட்ட அமைதி கிடைத்திருக்காது!

மைக்கை எங்கே வைத்தேன்? நடுவரிசையின் நடு நாற்காலியில். யாருமே உட்காராத நாற்காலியில்! அளந்து முடித்து, மைக்கை எடுத்துவிட்டு, "இர்மெலி, இங்க வந்து உட்காருங்க" என்றேன்.

"நடுவுலயா? எல்லாரும் பாப்பாங்களே!"

"எல்லாரும் திரையத்தான் பாப்பாங்க, வாங்க."

படம் தொடங்கியது. ஓர் அடுக்களை. வெளியே மழை. கிழவன் கோப்பையைக் கீழே வைத்து ஏதோ சொல்கிறான். இர்மெலி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"காபி ஆறிப்போச்சுங்கறான்! கேட்டீங்களா? காபி ஆறிப்போச்சாம்!"

காவியத்தில் எத்தனையோ வரிகள் கற்றிருக்கிறேன். அந்த ஒரு வரிக்கு ஈடாக ஒன்றும் இல்லை. பதினான்கு மௌனிகள் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் அடுத்த வசனம் யாருக்குமே கேட்கவில்லை!

மறுவாரம் அவர் காது சோதனைக்கும் போய்வந்தார். அறுபத்தெட்டு வயதுக்கு அருமையான காது என்றார்களாம்.

அன்பர்களே! குறை பெட்டியில் இருந்தது; பழியைக் காதில் போட்டோம். ஒருவர் "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லியிருந்தால் போதும், பதின்மூன்று பேர் "எனக்கும்தான்" என்றிருப்பார்கள்! வெட்கம் ஒரு வாயை அடைத்தது; அந்த வாய் ஒரு பாட்டை இழக்க இருந்தது. இனி உங்கள் குறை உங்களுடையது மட்டும் என்று முடிவு கட்டுமுன், பக்கத்து நாற்காலியைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்தில் ஆள் இல்லையென்றால், தயவுசெய்து நெருங்கி உட்காருங்கள்!

இர்மெலி, உங்கள் கடிதம் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. திருத்தச் சொன்னீர்கள். சிவப்பு மையால் திருத்திவிட்டேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. முதல் வரி ஒன்றுதான் பிழை: "என் காது போய்விட்டது." அதை அடித்துவிட்டேன். அதை அடித்த பிறகு மற்ற வரிகளுக்கு வேலை இல்லை.

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. நடுவரிசை காலியாக இருக்கிறது, வந்து நிரப்புங்கள். இர்மெலி பாடப்போகிறார். எல்லாருக்கும் என் வணக்கம்.