வரி முடியும் இடத்தில் ஓர் உயிர்

அறிவார்ந்த இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே, பெற்ற பிள்ளைகளைக் கணினிக்குக் காவல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்களே, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் என் செல்வங்களே! இறைவனை வணங்கி, இடறும் நெஞ்சோடு நிற்கிறேன்.

என்ன தம்பி, கேட்கவில்லையா? மைக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். ஆம், இப்போது சரி.

அடுப்படிக்காரிக்கு இந்த அவையில் என்ன அலுவல்? நீங்கள் சோதித்து அனுப்பிய மென்பொருள் என் கணவரின் மருந்துச் சீட்டை அச்சிட்டது, அதுதான் அலுவல்! மருத்துவர் பதிந்தவை இரண்டு வரிகள். மேல் வரி, "காலையில் 1" என்று முடிந்தது. கீழ் வரி, "5 நாள் மட்டும்" என்று தொடங்கியது. அச்சில் இரண்டும் ஒட்டிக்கொண்டன: "காலையில் 15 நாள் மட்டும்". மருந்துக்கடையில் பதினைந்து மாத்திரை எண்ணிக் கொடுத்தார்கள். சாமி கும்பிட்ட கையோடு, ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். தவறியிருக்கக் கூடாதா? ஒரு நாளாவது மறந்திருக்கக் கூடாதா? ஐந்து நாளைத் தாண்டினால் சிறுநீரகத்தைத் தின்னும் மருந்தாம் அது; அவருடைய சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன.

பிறகு ஒரு பெண் வீடு தேடி வந்தாள். உங்கள் சோதனைப் பிரிவுப் பெண். கட்டிலருகே உட்கார்ந்து, தலை நிமிராமல் பேசினாள்.

"அக்கா, ஒரு கம்ப்யூட்டர் வரியை ஒரு குறியோட முடிக்கும், இன்னொண்ணு ரெண்டு குறியோட முடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. வர வேண்டிய சீட்டையும் வந்த சீட்டையும் ஒப்பிடுற டெஸ்ட், எழுத்தெல்லாம் சரியா இருந்தாலும் தப்புன்னு சிவப்பு காட்டும்."

"அப்போ என்ன பண்ணுவீங்க?"

"மறுபடி ஓட்டுவோம். வேற கம்ப்யூட்டர்ல ஓடினா சரின்னு பச்சை வந்துடும். 'சிவப்பா? போய் டீ குடிச்சிட்டு வந்து திரும்ப ஓட்டு'ம்பாரு எங்க லீடர். டீ குடிச்சே அலுத்துப்போய், வரி முடிவையே மொத்தமா அழிச்சிட்டு ஒப்பிடுற மாதிரி மாத்திட்டோம். அதுக்கப்புறம் எப்பவும் பச்சைதான்."

படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். "பச்சைப் பொய்யா?" என்றார்.

சிரிக்கிறீர்கள். அவளும் சிரித்தாள்; சிரித்தபடியே அழுதாள்.

செல்வங்களே, வரிகள் ஒட்டியதைக் கண்டு கூவ வேண்டிய சோதனை எப்படிக் கூவும்? வரி எங்கே முடிகிறது என்று பார்க்கும் கண்ணையே பிடுங்கிவிட்டீர்களே! பொய்க் கூச்சலை அடக்கப்போய், மெய்க் கூச்சலின் குரல்வளையை அல்லவா நெரித்தீர்கள்!

அந்தப் பெண் இப்போது திருத்தி எழுதியிருக்கிறாள். இரண்டு சீட்டிலும் வரி முடிவை ஒரே குறியாக மாற்று, பிறகு ஒப்பிடு. மாற்றலாம், அழிக்கக் கூடாது! அவ்வளவுதான். அப்படி ஓட்டியதும் வேறு சீட்டுகளுக்கும் சிவப்பு எரிந்திருக்கிறது. டீயால் அணையாத சிவப்பு! ஆனால் அவள் லீடர் சொன்னாராம்: "நாளைக்குப் புது வெர்ஷன் வெளிய போகணும். இப்பப் போய் இதைக் கிளப்பாதே."

அந்த லீடர் தம்பி இதோ என் எதிரில் இருக்கிறார். தம்பி, நான் சபிக்க வரவில்லை. கேட்க வந்தேன். நாளை அந்தச் சீட்டை நீட்டி எந்த வீட்டுக்காரி மருந்து வாங்குவாள்? யார் பிள்ளையின் வாயில் போடுவாள்? அனுப்பப் போகிறீர்களா? நிறுத்தப் போகிறீர்களா?

என்ன சொன்னீர்கள்? எல்லோருக்கும் கேட்கட்டும், எழுந்து சொல்லுங்கள்.

"நிறுத்திடறேம்மா."

நல்லது. கைதட்டாதீர்கள், வேண்டாம். போன சிறுநீரகம் இதனால் திரும்பப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் அவர் ரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது, எனக்காகக் காத்திருப்பார். போய், "நிறுத்திவிட்டார்கள்" என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. எல்லோர் வீட்டையும் ஆண்டவன் காக்கட்டும். வணக்கம்.