அம்மாவுக்கு டெஸ்ட்

ஞாயிற்றுக்கிழமை காலை லோத்குண்டாவில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள், ஓர் அம்மாவும் பத்து வயசுப் பெண்ணும். அம்மா மடியிலிருந்த பையிலிருந்து வெள்ளைக் கராத்தே உடையின் கை ஒன்று எட்டிப் பார்த்தது.

"அடிச்சதும் ஸாரி சொல்லாதே மம்மி. மாஸ்டர் மார்க் குறைச்சிடுவார்."

"எதிர்ல நிக்கிறது உன் வயசுப் பசங்கடி. வாயில தானா வருது."

"நக்கோ மம்மி, சொல்லவே கூடாது. டாடிகிட்ட என்ன சொன்னே?"

"டெஸ்ட் உனக்குன்னு. எனக்குன்னா சிரிப்பார்."

"பாஸ் பண்ணிட்டா?"

"மஞ்சள் பெல்ட் தருவாங்க இல்ல? துவைச்சுக் கொடியில காயப்போடுவேன்."

"பெல்ட்டைத் துவைக்கவே கூடாது மம்மி!"

"தெரியும். சும்மா தொங்கவிடறேன். யாருதுன்னு அவரே கேக்கட்டும்."