கேட்டுக்கு அந்தப் பக்கம்

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டால் தூக்கம் வராது, மேடம். உடம்பு அப்படி. அதனால்தான் பெத்தாங்க் ஆடப் போனேன். இரும்புக் குண்டை வீசிச் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். புதுச்சேரியில் இதற்காக யாரும் சண்டை போட மாட்டார்கள்.

விசாரணை உர வண்டியைப் பற்றி என்பதால் அதற்கு வருகிறேன். சென்னைக்குள் நுழைந்த சரக்கு வண்டி மூன்று நாள் அசையாமல் கிடக்கும். காட்பாடியில் திருப்பி, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக நேரே இங்கே கொண்டுவரலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். ரயில்வே சரக்குப் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன், என் பேச்சு எடுபடும். யூரியா நேரத்துக்கு வந்தது. பாகூர் விவசாயிகள் எனக்குச் சால்வை போட்டார்கள்.

ஒரே ஒரு சங்கடம். வண்டி நீளம், எங்கள் சரக்கு லைன் குட்டை. வண்டியை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் தள்ளித்தான் உள்ளே விட வேண்டும். அதுவரை கடலூர் சாலை கேட் மூடியிருக்கும், சுமார் நாற்பது நிமிடம். அதை எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் செய்வது என்பது என் கையில் இருந்தது. ஞாயிறு மூன்றே முக்கால் என்று வைத்தேன். எங்கள் ஆட்டம் நான்கு மணிக்கு.

எமீல் அண்ணன் வீடு கேட்டுக்கு அந்தப் பக்கம், நைனார்மண்டபத்தில். மைதானம் இந்தப் பக்கம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருடமாகக் கிளப் கோப்பை அவருக்கு, இரண்டாமிடம் எனக்கு. தோற்றதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் என் தோளைத் தட்டி, "பரவால்ல அருளு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கிளப்பில் தாமதமாக வந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி எதிராளிக்குப் போகும். முதல் ஞாயிறு அண்ணன் மூச்சு வாங்க வந்து, "கேட்டு போட்டுட்டான்பா, என்னா கூட்ஸு, வாலயே காணோம்" என்று சிரித்தார். அதற்குள் எனக்கு ஐந்து புள்ளி. அடுத்த வாரம் சீக்கிரம் கிளம்பினார். நானும் வண்டியைச் சீக்கிரம் தள்ளச் சொன்னேன். இப்படி ஒரு மாதம் கண்ணாமூச்சி ஆடினோம். ஆடுவது அவருக்குத் தெரியாது என்பதுதான் அதில் சுவை.

இறுதி ஆட்டமும் எங்கள் இருவருக்கும்தான். மைதானத்தில் நான் குண்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வண்டியைத் தள்ளும் வேலையைப் பார்க்கும் செல்வகுமார் போன் செய்தான்.

"சார், ஆட்டோல ஒரு அம்மா, நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம். பாதி வண்டி கேட்டு மேல நிக்குது. பின்னால இழுத்துட்டு தொறந்து வுட்டுறவா?"

"கூட யாரு?"

"வெள்ளத் தொப்பி போட்ட பெரியவரு. பிரான்ஸ் மிலிட்டரின்றாரு சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எமீல் அண்ணன் மனைவி ஜெர்மேன் அண்ணி காய்ச்சல் என்றுகூடப் படுத்தவரில்லை. ராணுவத்துக்காரருக்குத் தந்திரமா தெரியாது? "பாதியில இழுக்கக் கூடாதுப்பா, ரூல் இருக்கு. வேலய முடி" என்றேன். அப்படி ஒரு விதி இல்லை, மேடம். இழுத்துத் திறக்க நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டான். "சார், அந்தம்மாவுக்கு மூச்சு நின்னு நின்னு வருது." இந்த முறை நம்பினேன். ஆனால் அதற்குள் நடுவர் என் பெயருக்கு இரண்டு புள்ளி எழுதிவிட்டார். போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

கேட் திறந்தபோது அந்த ஆட்டோவுக்கு அவசரம் எதுவும் இல்லை. கோப்பை எனக்கு வந்தது.

அடக்கத்துக்குப் பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு போனேன். எமீல் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு அஞ்சு நிமிஷம் கேட்ட தொறந்திருந்தா போதும் அருளு" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. நான் கல்நெஞ்சன் இல்லை, மேடம். அவர் தோளைத் தட்டி, "பரவால்லண்ணே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.