பின் சீட்

எங்கள் ஊரில் வழி சொல்வது சுலபம். வேங்கிக்காலிலிருந்து ஊருக்குள் போக வேண்டுமா, மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நேராகப் போனால் போதும். திரும்பி வர வேண்டுமா, இடக்கைப் பக்கம். அதனாலேயே திருவண்ணாமலைக்காரர்கள் பலருக்கு மேப் பார்க்க வராது. எனக்கு வரும். பதினொன்றாம் வகுப்பில் பள்ளியை விட்டு நின்ற பிறகு நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பள்ளியை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். பெண்கள் சிரிப்பார்கள். டீச்சர் சிரிக்க மாட்டார், காத்திருப்பார். அது சிரிப்பைவிட மோசம். ஒரு திங்கட்கிழமை போகவில்லை, அதன்பிறகு போகவே இல்லை. அப்பா கொஞ்ச நாள் திட்டிவிட்டு, "சரி வுடு, அம்மாவுக்குக் கூடமாட இருக்கட்டும்" என்றார். ஸ்ரேயாஸ் அண்ணன் மட்டும் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "த்ரிசா, நாம ஒரு நாள் பைக்லயே காசா போலாமா?" என்று கேட்டான்.

காசா இமயமலையில், ஸ்பிதி பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு சிற்றூர். அப்போது அவனிடம் பைக்கே கிடையாது. ஆனாலும் சாயந்திரமானால் மாடியில் ஒரே போனை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு, அங்கே போய்வந்தவர்கள் எடுத்த வீடியோக்களைப் பார்ப்போம். அவன் பைக்கைப் பார்ப்பான். நான் ரோட்டைப் பார்ப்பேன். எந்த இடத்தில் ஓடை சாலையைக் கடக்கிறது, எந்தப் பெட்ரோல் பங்க்கைத் தாண்டினால் வெகுதூரம் வேறு பங்க் கிடையாது, எந்த மாதத்தில் குன்சும் கணவாய் திறக்கும் என்று எனக்கு மனப்பாடம் ஆனது. ஒரு வருடத்தில் நான் பாயில் படுத்தபடியே ரோத்தாங் கணவாய் ஏறி இறங்கிவிடுவேன். எந்த வளைவில் குளிரும் என்றுகூடத் தெரியும். நான் போன அதிகபட்ச தூரம் அதுவரை வந்தவாசிதான்.

கலெக்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததும் அண்ணன் பைக் வாங்கினான். என்னை ஏற்றிக்கொண்டு கிரிவலப் பாதையில் ஒரு சுற்று வந்தான். பௌர்ணமி இல்லாத நாள், பாதை காலியாக இருந்தது. அடி அண்ணாமலை தாண்டும்போது, "காசா வரைக்கும் இந்த சீட்டு உன்னுதுடி" என்று திரும்பிப் பார்த்துக் கத்தினான். முன்னால் பார்த்து ஓட்டச் சொன்னேன். நான் சத்தமாகப் பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு அவன் தனியாகவே போக ஆரம்பித்தான். ஜவ்வாது மலை, ஏலகிரி, வால்பாறை. பயிற்சிக்கு என்றான். ஹெல்மெட்டுக்குள் ஒட்டுகிற ப்ளூடூத் வாங்கிக்கொண்டான். அவன் ஓட்டுவான், நான் மாடியில் உட்கார்ந்து மேப்பைப் பார்த்துக் காதுக்குள் வழி சொல்வேன். அவன் மைக்கில் காற்றும் லாரியும் ஆடு கத்துவதும் எனக்குக் கேட்கும். போகிற இடத்தில் மழையா, ரோடு உடைந்திருக்கிறதா என்று பைக் பயணிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் எழுதிக் கேட்டு வைத்திருப்பேன். அவர்கள் யாருக்கும் நான் பெண் என்று தெரியாது. முகம் தெரியாத இடத்தில் எனக்கு வார்த்தை தடங்காமல் வந்தது. அண்ணன் நான் சொன்னதை ஒருமுறைகூட மறுத்துக் கேட்டதில்லை. நான் இடது என்றால் இடது.

நிவேதா அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தது ஆனி மாதம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு "கண்ட்ரோல் ரூம்" என்று பெயர் வைத்தார்கள். "என்ன கண்ட்ரோல் ரூம், இன்னைக்குத் துணி காய வெக்கலாமா, மழ வருமா?" என்று கேட்பார்கள். நான் போனைப் பார்த்துச் சொல்வேன். சரியாக இருந்தால் என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்கு அது பிடிக்காது என்று அவர்களுக்குத் தெரியாது.

எனக்கென்று அண்ணன் ஒரு ரைடிங் ஜாக்கெட் வாங்கி வைத்திருந்தான். முழங்கையிலும் தோளிலும் கெட்டியாகப் பட்டை வைத்தது. பீரோவிலிருந்து எடுத்து அண்ணிக்குப் போட்டுப் பார்த்தான். "அளவு எடுத்துத் தெச்ச மாதிரி இருக்குதுடா சாமி!" என்று சிரித்தான். அண்ணி என்னைப் பார்த்து, "உன்னுதா த்ரிசா? வேணும்னா கழட்டிடறேன்" என்றார்கள். இல்லை அண்ணி, நல்லா இருக்கு, என்றேன். நல்லாத்தான் இருந்தது.

அன்று சாப்பிடும்போது அடுத்த கோடையில் காசா போவதாக அண்ணன் சொன்னான். நான் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்து கேட்டேன். "நான் எப்பண்ணா வர்றது?"

"நீ எதுக்குடி? நீயும் வந்துட்டா வழி யாரு சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரித்தார், பரிமாறிக்கொண்டிருந்த அம்மா சிரித்தார். அண்ணி சிரித்துவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி மோர்க்குழம்பு ஊற்றினார்கள். அவன் என்னைக் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். அதைத்தான் நான் பிறகு பல நாள் யோசித்துப் பார்த்தேன்.

ஆவணியில் இருவரும் கர்நாடகத்துக்குக் கிளம்பினார்கள். சிரவணபெளகொளா பார்த்துவிட்டு, மேற்கு மலையில் இறங்கி, மூடபித்ரியில் பசதி என்கிற சமணக் கோயில்களைப் பார்ப்பதாகத் திட்டம். திட்டம் என்னுடையதுதான். நாங்கள் சமணர்கள், எங்களை இங்கே நயினார் என்பார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் நோன்பைக் கறாராகப் பிடிப்பதில்லை. அண்ணன் ராத்திரி எட்டு மணிக்குக்கூட பரோட்டா சாப்பிடுவான். ஆனால் அண்ணி மழைக்காலம் நாலு மாதமும் பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று நோன்பு எடுத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு நாளும் பொழுது சாய்வதற்குள், வெங்காயம் பூண்டு போடாத சாப்பாடு கிடைக்கும் இடத்தில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துவது என் வேலை. வேறு எந்த பைக் பயணிக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்காது. நான் ஒருநாளும் தவறவிடவில்லை. அண்ணி சாப்பிட்ட இலையைப் படம் பிடித்து அனுப்புவார்கள்: "கண்ட்ரோல் ரூம் வாழ்க."

மூன்றாம் நாள் காலையில் குழுவில் ஒரு செய்தி வந்தது. மலையிலிருந்து இறங்கும் இரண்டு சாலைகளில் ஒன்றில், ஒரு வளைவைத் தாண்டியதும் சின்னப் பாலம் மழையில் போய்விட்டது, யாரும் அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று ஒருவர் படத்தோடு போட்டிருந்தார். கல்லும் மரக்கிளையும் போட்டு அடைத்திருக்கிறார்களாம். எந்த மலை என்பது இப்போது முக்கியமில்லை. பாலத்தை மறுபடி கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அன்று மதியம் பஞ்சர் ஒட்டுவதில் நேரம் போய்விட்டது. மலை உச்சியில் சாலை பிரியும் இடத்துக்கு அவர்கள் வரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. வலது பக்கச் சாலை சுற்றுவழி, சாப்பாட்டுக்கு முன் இருட்டிவிடும். இடது பக்கச் சாலையின் அடிவாரத்தில் ஒரு ஜைன மெஸ் இருந்தது. அண்ணி காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பட்டினியாகப் படுக்கவைக்க அண்ணனுக்கு மனசு வராது என்று எனக்குத் தெரியும்.

"த்ரிசா, ரெண்டா பிரியுதுடி. எந்தப் பக்கம்?"

இடது, என்றேன். மெஸ் இருப்பதைச் சொன்னேன். பொழுது சாயும் நேரத்தைச் சொன்னேன். இரண்டும் உண்மை. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான்.

நான் நினைத்தது இதுதான். சறுக்கி விழுவார்கள். முட்டி பெயரும். அண்ணிக்குப் பைக் என்றாலே பயம் வந்துவிடும். புதுசாகக் கல்யாணமானவளை இப்படியா அலைக்கழிப்பது என்று குசுமாவதி அத்தை, அண்ணியின் அம்மா, வந்து சண்டை போடுவார். அண்ணி வீட்டில் இருப்பார்கள். கோடையில் பின் சீட் காலியாக இருக்கும். ஒரு ஆளைப் பயமுறுத்துவது பெரிய பாவம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ரோடு நான் எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தி போயிருந்தது.

அண்ணி அங்கேயே போய்விட்டார்கள். அண்ணன் ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டதால் பிழைத்தான். இடுப்பும் காலும் நொறுங்கிச் சில வாரம் ஆஸ்பத்திரி, பிறகு பல மாதம் வீட்டில் படுக்கை. அவசரத்தில் தடுப்பைத் தாண்டி ஓட்டியதால் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

குசுமாவதி அத்தை மட்டும் கேட்டார், அதுவும் வேறு விதமாக. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து வந்தார். அண்ணன் படுத்திருந்த அறைக்குள் போகவில்லை. "அவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன். வேகம் வேகம்னு என் பொண்ண முழுங்கிட்டான்" என்று அவனுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். பிறகு சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானம்மா கடைசியா போன்ல இருந்த. என் பொண்ணு ஏதாச்சும் சொன்னாளா?"

"கோயிலப் பாக்கணும்னு சந்தோஷமா பேசிக்கிட்டு வந்தாங்க அத்தை" என்றேன். எனக்குத் தடங்கவே இல்லை. அவர் என் தலையில் கைவைத்து, "நீ ஒருத்திதாம்மா அவளுக்கு நல்லது நெனச்ச" என்று அழுதார்.

அண்ணி சொன்னது அது இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் இடது பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தினான்.

"த்ரிசா, இங்க கல்லு கில்லு போட்டு வெச்சிருக்காங்களே?"

அவனுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "ஏங்க, வேணாங்க. திரும்பிப் போயிடலாம். ஒரு ராத்திரி தானே, நான் பசி தாங்கிக்கிறேன்."

போனில் அந்தப் படம் திறந்தே இருந்தது. காலையிலிருந்து அதை நான் பல முறை விரலால் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். பாலம் இருந்த இடத்துக்குக் கீழே மரங்களின் தலை தெரிந்தது. தரை தெரியவில்லை. சறுக்கி விழுந்து முட்டி பெயர்கிற இடம் இல்லை அது. அது எனக்குக் காலையிலேயே தெரியும்.

"அது பழசுண்ணா. வேல முடிஞ்சு போச்சு. ஓரமா பூந்து போ, ரோடு நல்லா இருக்கு" என்றேன். "சீக்கிரம் போ, பொழுது எறங்குது."

"த்ரிசா சொன்னா கரெக்டா இருக்கும்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு அவன் கியர் போட்டான். சத்தத்திலேயே எனக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் மூன்றாவது கியர்.

இப்போது அண்ணன் கம்பு ஊன்றி நடக்கிறான். வேலையை விட்டுவிட்டான். அப்பா அவனிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார். அவனுக்கு மாத்திரை கொடுப்பது, கால் தேய்த்துவிடுவது, மாடிக்குக் கைத்தாங்கலாக ஏற்றுவது எல்லாம் நான்தான். சாயந்திரத்தில் பழையபடி வீடியோ போட்டுக் காட்டுகிறேன். அவன் பார்ப்பதில்லை, ஆனால் எழுந்து போவதும் இல்லை, தனியாகப் படி இறங்க முடியாது. வேங்கிக்காலில் பிளாட் போட்டிருக்கும் காலி இடத்தில் நான் வண்டி ஓட்டப் பழகுகிறேன். ஆள் பின்னால் உட்கார்ந்துவர இடுப்பு தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

தலையில் அடிபட்டதில் அந்தக் கடைசி நேரம் அவனுக்கு நினைவில் இல்லை. நேற்று சாயந்திரம் மாடியில் இருக்கும்போது திடீரென்று கேட்டான்.

"த்ரிசா, அங்க கல்லு வெச்சிருந்தாங்களாம். நான் நிறுத்துன மாதிரி ஒரு ஞாபகம். உன்னக் கேட்டனா? நீ எதுனா சொன்னியா?"

அவன் கண் கெஞ்சியது. யாராவது ஒருத்தர் அவனோடு சேர்ந்து அதைச் சுமக்க மாட்டார்களா என்று பார்த்தான்.

"இல்லண்ணா. நீ நிறுத்தவே இல்ல. அண்ணி வேணாம்னு சொன்னாங்க, நீ கேக்கல" என்றேன்.

அவன் மெதுவாகத் தலையாட்டினான். வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தான். நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஒரு பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அவனுக்கு என்றுதான் சொல்கிறேன்.