குடியிருக்கத் தோதான ஊர்

ஓய்வுபெற்ற பிறகு ஓர் ஊரில் குடியேற நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது நடைபாதையின் உயரத்தை. எல்லோரும் காற்று, தண்ணீர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அறுபதைத் தாண்டியவனைக் கீழே தள்ளுவது அரை அடிப் படிதான்.

நான் முப்பத்தொரு வருஷம் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். சோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் மனைவியைக் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு ஊர்களுக்குப் போனேன். ஒவ்வொன்றிலும் நான்கு நாள் தங்கிப் பார்த்தோம். ஒன்றில் நாய்கள் அதிகம். இன்னொன்றில் தெருவெல்லாம் மேடு. வேறோர் ஊரில் எல்லாமே சரியாக இருந்தது, ஆனால் மனைவியின் அக்காவும் அங்கேயே இருந்தார்.

கடைசியாகப் பார்த்ததுதான் இந்த ஊர். ஓர் ஏரி, அதைச் சுற்றிச் சமமான பாதை, நடக்கிற தூரத்தில் ஒரு டாக்டர், ஒரு நூலகம், மர நிழலில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர்கூட வந்து சௌக்கியமா என்று கேட்கவில்லை.

"இங்க பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லையேங்க," என்றாள் மனைவி.

"அதனாலதான் சொல்றேன். இதுதான் ஊரு," என்றேன்.

முதல் வருஷம் நிம்மதியாகப் போனது. அப்புறம் நான் ஒரு தவறு செய்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். ஓய்வூதியர் சங்கப் பத்திரிகைக்கு இந்த ஊரைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். படிப்பவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி பொறாமைப்பட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டார்கள்.

ஆறு மாதத்தில் எழுபது குடும்பம். எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. "உங்க கட்டுரையைப் படிச்சுட்டுத்தான் சார் வந்தோம்" என்று கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அவர்களில் ஒருவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். விசிலை மட்டும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. என் பெஞ்சுக்கு எதிரிலேயே சிரிப்பு மன்றம் ஒன்றை ஆரம்பித்தார். தினமும் காலை ஆறரைக்கு அவர் விசில் ஊதுவார், நாற்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார்கள். மறுபடி ஊதினால் நிறுத்துவார்கள்.

"வாங்க சார், சேர்ந்து சிரிக்கலாம்," என்று என்னைக் கூப்பிட்டார்.

"என்ன விஷயமா?" என்று கேட்டேன்.

"விஷயமே வேண்டாம் சார். அதுதான் விசேஷம்."

பேரூராட்சியில் புகார் கொடுத்தேன். நான் எழுதியிருந்தது சத்தத்தைப் பற்றி. பெஞ்சு போதவில்லை என்று புரிந்துகொண்டு, புதிதாக ஆறு பெஞ்சு போட்டார்கள். கார்டு எனக்குச் சால்வை போர்த்தினார்.

மூன்றாவது வாரம் என் மனைவியும் மன்றத்தில் சேர்ந்தாள். முப்பத்துநான்கு வருஷக் குடித்தனத்தில் அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. அது எனக்குச் சங்கடமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அமைதியை விரும்புகிறவள். யாரோ ஒருவர் விசில் ஊதி அவளைச் சிரிக்க வைக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்குக் கவலை. அவளுக்காகத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

ஏரிக்கரையில் பம்ப் அறைக்குப் பின்னால் ஒரு பழைய வால்வு இருக்கிறது. குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன. அவை சேராமல் தடுப்பது அந்த வால்வு ஒன்றுதான். இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே அதைப் பார்த்து, ஆபத்து என்று மனதில் குறித்துவைத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடைக்குப் போனபோது அதை அரைச் சுற்றுத் திருப்பினேன். அரைச் சுற்றுதான். முழுசாகத் திருப்புகிற ஆள் இல்லை நான். ஒன்பது நாள் கழித்துப் பழையபடி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மன்றத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. வெள்ளிக்கிழமை விசில் சத்தமே இல்லை. டாக்டர் வீட்டு வாசலில் வரிசை நின்றது, நிற்க முடிந்தவர்கள் மட்டும். கார்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. எழுபத்தெட்டு வயசு. அந்த வயசில் தினமும் அப்படிச் சிரித்தால் உடம்பு தாங்காது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்.

மனைவி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீர் ஒரு பானை நிறைய வைத்திருந்தேன். அவள் மன்றம் கூடுகிற இடத்துக் குடிநீர்க் குழாயில் பிடித்துக் குடித்திருக்கிறாள். கிளம்பும்போது சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உங்களுக்கு மட்டும் எப்படிங்க ஒண்ணும் ஆகல?"

"நான் கண்ட தண்ணியைக் குடிக்கிறதில்ல," என்றேன்.

நான் நீட்டிய தண்ணீர் டம்ளரை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. உடம்பு தேறியதும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். டாக்டர் மாற்றல் வாங்கிக்கொண்டார். நூலகத்தில் இப்போது பூட்டு தொங்குகிறது. எட்டுத் தெருவில் நான்கு வீட்டில்தான் விளக்கு எரிகிறது.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் உங்களைத் தேடி வந்தேன். மனசாட்சி அது இது என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் விசாரணை அறிக்கையில் வால்வு துருப்பிடித்துத் தானாகத் திறந்து தானாகவே மூடிக்கொண்டது என்றும், அதைக் கவனிக்கத் தவறியதற்காகப் பம்ப் ஆபரேட்டரை வேலையைவிட்டு அனுப்பியதாகவும் இருக்கிறது. துருப்பிடித்த வால்வு இறுகுமே தவிரத் திறக்காது. விவரம் தெரிந்தவர்கள் படித்தால் உங்கள் இலாகாவுக்குத்தான் தலைகுனிவு. திறந்தது நான். என் கையால், முழு நினைவோடு திறந்தேன். திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அமைதியான ஊர் இனி எங்கே தேடினாலும் கிடைக்காது. அதை விளக்கி மனைவிக்கு ஐந்து கடிதம் போட்டுவிட்டேன். அவள் நிச்சயம் பதில் எழுதியிருப்பாள். இங்கே தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள், அதனால்தான் ஒன்றும் வந்து சேரவில்லை.